ரத்துப் படிவம்

ரோலாவில், மணிக்கூண்டுச் சந்தில்,
டைப்பிங் சென்டரின் மூன்றாவது மேசை என்னுடையது.
பத்தொன்பது வருடம்.
சியால்கோட் தையற்காரரின் மகன்,
கண்ணூர் இரட்டையர்,
கும்மிடிப்பூண்டியிலிருந்து பேசவே பேசாத ஒரு பையன்,
யார் யார் பிள்ளைகளையோ
அரபியில் ஒரு வரி ஆங்கிலத்தில் ஒரு வரியாக
இந்த நாட்டுக்குள் அடித்து அனுப்பியிருக்கிறேன்.

இன்று மதியம், கூட்டமில்லாத நேரம் பார்த்து,
என் மகனின் விசாவை ரத்து செய்கிறேன்.

வருத்தப்பட ஒன்றுமில்லை.
ஜெபல் அலியில் குளிர்பதனக் கிடங்கில் வேலை.
கம்பெனி தன் பெயரில் எடுத்துக்கொள்ளும்.
அவர்கள் எடுக்க, நான் விட வேண்டும்.
அதுதான் வரிசை.
ஆயிரம் பேருக்கு இதை விளக்கியிருக்கிறேன்,
"அஞ்சு நிமிஷ வேலைங்க" என்று.

எண்ணை அடித்ததும் பழைய கோப்பு திறக்கிறது.
ஒவ்வொரு புதுப்பித்தலுக்கும் ஒரு முகம்.
முதலில், என் முழங்கை தெரியும் படம்
(நிமிர்த்திப் பிடித்திருந்தேன், கழுத்து நிற்கவில்லை).
பிறகு முன்பல் இல்லாத வாயை
இறுக்க மூடிக்கொண்டு ஒன்று.
அம்மைத் தழும்போடு ஒன்று.
அப்புறம் குரல்வளை.
கடைசிப் படத்தில்
கேமராவைப் பார்க்கிறவன் யாரென்று
ஒரு நொடி யோசித்துவிட்டேன்.
இடையில் இரண்டிரண்டு வருடங்கள்.
கூடவேதான் இருந்தேன்.

பெயர்: எழிலன்.
அரபியில் ழ இல்லை.
அன்றைக்கு இந்த மேசையில் உட்கார்ந்து நானேதான்
ஆங்கில எழுத்துகளைப் பார்த்துப் பார்த்து
எஸ்ஹிலான் என்று அடித்தேன்.
மருந்தகத்தில், பள்ளியில், தடுப்பூசி வரிசையில்
எஸ்ஹிலான் எஸ்ஹிலான் என்று கூப்பிட
எழுந்து போவான்.
இப்போது நண்பர்களுக்கு வெறும் ஸீ.
வீட்டில் நான் கூப்பிட்டால்
இரண்டாவது தடவைதான் திரும்புகிறான்.

எங்கள் கட்டடத்தில் லிஃப்டுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கும்:
குடும்பங்களுக்கு மட்டும். பேச்சிலர்களுக்கு அனுமதி இல்லை.
ஏழு வயதில் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுக் கேட்டான்,
"பேச்சிலர்னா யாரும்மா?"
"தனியா இருக்குற ஆம்பளைங்க."
"அவங்களுக்கெல்லாம் அம்மா இல்லையா?"
லிஃப்ட் வந்துவிட்டது.

போன வாரம் அல் கூஸில் அவன் அறையைப் பார்க்கப் போனேன்.
ஆறு பேர், மேல் கட்டில், எண்ணூறு திர்ஹம்.
வாட்ச்மேன் கையைக் குறுக்கே நீட்டினார்:
லேடீஸ் மேலே போகக் கூடாது.
ஈரத் தலையோடு இறங்கி வந்தான்.
போட்டிருந்த பனியன் அவனுடையதில்லை.
யாருடையது என்று நாக்கு நுனி வரை வந்தது.
தெருவோரம் நின்று டீ குடித்தோம்.
காசை அவன் கொடுத்தான்.
மீதிச் சில்லறையை எண்ணிப் பார்க்காமல்
பையில் போட்டுக்கொண்டான்,
அவன் அப்பாவைப் போலவே.
அதை மட்டும் சொல்லவில்லை.

அவன் அப்பா இந்தப் படிவத்தில்
ஒரு கட்டத்தில் பெயராக இருக்கிறார்.
மற்ற கட்டங்களிலெல்லாம் நான்தான்.
ஸ்பான்சர்: பூங்கோதை.
உறவு: மகன்.
ரத்துக்கான காரணம்:
அம்புக்குறியைத் தட்டினால் பட்டியல் இறங்குகிறது.
நாட்டை விட்டு வெளியேறுதல்,
நிலை மாற்றம், மரணம், இதர.
'வளர்ந்துவிட்டான்' என்று இல்லை.
நிலை மாற்றம் என்பதைத் தேர்ந்தேன்.

கையெழுத்துத் தாளைக்
காலையிலேயே வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தான்.
இதுவரை அந்தக் கட்டத்தில்
மைனருக்காக நான் போட்டதுதான் இருந்திருக்கிறது.
பெரிதாக்கிப் பார்த்தேன்.
ஒரு சுழி. அதன் கீழ் உள்ளே வளைந்து
ஒரு வால், வேகமாக,
பேனா கடைசியில் தாளை விட்டு எழும்பிய இடம்கூடத் தெரிகிறது.
ழ.
அவ்வளவுதான் கையெழுத்து.

தமிழ் வகுப்பில் சேர்க்க என்னிடம் காசும் இருந்ததில்லை,
வெள்ளிக்கிழமையும் இருந்ததில்லை.
எங்கே பிடித்தான், எத்தனை தாளில் எழுதிப் பார்த்தான்,
தெரியவில்லை.
கேட்டால் தோளைக் குலுக்குவான்.

சமர்ப்பி என்பதை அழுத்தினேன்.
சக்கரம் சுற்றியது.
கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு
நெஞ்சோடு குழந்தையைச் சேர்த்துப் பிடித்து ஒருத்தி,
"படம் இங்கயே எடுப்பீங்களா?" என்றாள்.
"பக்கத்துக் கடையில.
கழுத்தை மட்டும் நல்லா பிடிச்சுக்குங்க" என்றேன்.